காகம் ஒதுக்கிய ஈரல்

ஒரு பழைய வள்ளப் பலகை. அதன் நடுவில் ஆமையின் ஈரல் துண்டு ஒன்று, உள்ளங்கை அகலம் இருக்கும். வெயிலில் அது மினுங்கிக்கொண்டு கிடந்தது. பத்தடி தள்ளி நான் நின்றேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து, கையில் புத்தகங்கள். சப்பாத்துக்குள் மணல் புகுந்து விரல்களை அறுத்தது.

எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். காகம் வந்து அந்த ஈரலைத் தின்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில் ஆமை வெட்டினால் அடுப்பு மூட்டுவதற்கு முன் இதைச் செய்வார்கள். சில ஆமைகள் கடலில் எதையோ தின்று நஞ்சேறி வரும். வெளியே பார்த்தால் தெரியாது, மணத்திலும் பிடிபடாது. காகத்துக்கு மட்டும் அது தெரியும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. காகம் ஈரலைக் கொத்தி விழுங்கினால் ஆமை நல்லது. கொத்திப் பார்த்துவிட்டு ஒதுங்கினால் முழு ஆமையையும் கடலில் தள்ளிவிட வேண்டும். எவ்வளவு பசியாக இருந்தாலும் இதில் வேறு பேச்சில்லை. பலகையடியில் நிற்கிறவர் யாரோ, அவருடைய வாய்ச்சொல்தான் முடிவு.

இரண்டு காகங்கள் வந்தன. ஒன்று தென்னையில் இருந்துகொண்டது. மற்றது பலகையில் இறங்கி, தலையைச் சரித்து ஈரலைப் பார்த்தது.

பிறகு நடந்ததை இத்தனை வருடமும் நான் யாருக்கும் சொன்னதில்லை. இந்தப் பத்திரிகைத் தொடரை எழுதத் தொடங்கியபோதும் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை.

கிளிவெட்டியிலிருந்து வந்த கடிதம்

மூன்று வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில், ஜப்பானில் பேத்தை மீன் சாப்பிட்ட கதையை எழுதியிருந்தேன். கடலோரத்தில் பிறந்தவர்களுக்குப் பேத்தையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வலையில் வந்தால் காலால் தள்ளிவிடுவோம். சிறுவர்கள் அதன் ஊதிய வயிற்றில் ஏறி மிதித்து வெடிக்க வைப்பார்கள். அதன் நஞ்சு ஆளைக் கொல்லும். ஜப்பானியர் அந்த நஞ்சை அகற்றிவிட்டு விருந்தில் பரிமாறுகிறார்கள்.

அந்தக் கட்டுரைக்குப் பல கடிதங்கள் வந்தன. கிளிவெட்டியிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். அவருடைய கணவர் வயல் செய்கிறவர். இரண்டு பெண்பிள்ளைகள். "பயம் என்றால் என்னவென்று அறியாத எங்கள் மாவட்டத்துப் பெண் என்று உங்களைக் காட்டி என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

மறைப்பானேன், அந்தக் கடிதத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது ஆளுக்கு வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

சென்ற வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. எனக்குச் சுகமில்லை என்று பத்திரிகை ஆசிரியர் போட்டிருந்தார். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். உண்மையில் நான் மூதூருக்கு அப்பால் இலங்கைத்துறைக்குப் போயிருந்தேன். ஏன் போனேன் என்பதற்கு முன், ஜப்பானில் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதாமல் விட்டது

மீன் பதனிடும் பயிற்சிக்காக மூன்று மாதம் அங்கே இருந்தேன். அந்த மூன்று மாதத்தில் எதை வைத்தாலும் சாப்பிடுகிற இலங்கைப் பெண் என்று பேர் எடுத்தேன். பச்சைக் கணவாய் சாப்பிட்டேன். நாங்கள் பிடித்து அவித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிற கடலட்டையை, வினாகிரியில் ஊறப்போட்டு அரிந்து தந்தார்கள். சப்பாத்தின் அடித்தோலைச் சப்புவது போலிருந்தது. புளித்த பயறு ஒன்று தந்தார்கள். கரண்டியைத் தூக்கினால் சிலந்தி வலை மாதிரி நூல்நூலாகக் கூடவே வந்தது. அதையும் விழுங்கினேன். ஆட்கள் கைதட்டினார்கள்.

பயிற்சி முடியும் கிழமையில்தான் பேத்தை விருந்து. பீங்கான் தட்டின் அடியிலிருந்த பூவேலை மேலே தெரியும்படி, அவ்வளவு மெல்லிதாக அரிந்து அடுக்கியிருந்தார்கள். நான் முதல் ஆளாக எடுத்துச் சாப்பிட்டேன். இதுவரை எழுதினேன்.

சமையற்காரர் கதவடியில் நின்றார். அவர் எங்கள் தட்டுகளைப் பார்க்கவில்லை. எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நஞ்சிருந்தால் முதலில் உதடுதான் மரத்துப்போகும் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, எல்லோரும் நலம் என்று தெரிந்த பிறகுதான் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

நான் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். மீனில் ஒரு பிழையும் இல்லை. தலைச்சுற்று என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, திரும்பி வந்து சிரித்துக்கொண்டு இருந்தேன். இதை நான் எழுதவில்லை.

பாற்கட்டிக் கறி

விநோதமான சாப்பாடு எனக்கு வெளிநாட்டில்தான் அறிமுகமானது என்று நினைக்க வேண்டாம். நான் சிறுமியாக இருந்தபோது திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இருந்தது. அப்பா அவர்களின் சமையலறையில் சட்டி கழுவினார். ஒரு நாள் கடதாசியில் சுற்றிய பாற்கட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே நீல நீலமாக நரம்போடியது.

"உது பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு," என்றார் அம்மா. "வெள்ளைக்காரன் எறிஞ்சதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"எறியேல்ல. துரை இதைத்தான் வெட்டி வெட்டித் திண்டவர். நான் கண்டனான்."

அம்மா நீலத்தை எல்லாம் கத்தி நுனியால் தோண்டி எறிந்தார். மீனைக் கழுவுகிற மாதிரி மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினார். பிறகு துண்டு துண்டாக வெட்டி முருங்கைக்காயோடு கறியில் போட்டார். அகப்பையைத் தூக்கினால் கறி முழுவதும் ஒரே துண்டாக அகப்பையோடு எழும்பி வந்தது. அப்பா கத்தியால் அறுத்து எங்கள் கோப்பைகளில் போட்டார்.

"உப்பைத் தவிர இதில ஒண்டுமில்லை," என்றார் அம்மா.

"துரை திண்டதை நாங்களும் திண்டம்," என்றார் அப்பா. அவருக்கு அது போதும்.

மற்ற நாட்களில் கடல் தந்தது எதுவோ அதுதான். திருக்கை, கணவாய், மட்டி, சங்குச் சதை, சில வேளை ஆமை. மட்டியைப் பொறுக்கி அவித்து, ஓட்டிலிருந்து பிரித்துத் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினால் நான் ஒரு சட்டி சாப்பிடுவேன்.

என் குடும்பத்தில் பேர் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். பட்டணத்துக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தபோது எங்கள் தெரு ஒழுங்கை முழுவதுமே கொண்டாடியது. யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் வரும். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்துப் போத்தலில் எத்தனை கரண்டி என்று எழுதியிருப்பதை நான்தான் வாசித்துச் சொல்வேன். எனக்கு அதில் பெருமை. இன்றும் பெருமைதான்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். சோறும் மட்டிச் சுண்டலும். எனக்குப் பக்கத்தில் லலிதா இருந்தாள். சுங்க அதிகாரி ஒருவரின் மகள், நல்ல பிள்ளை. சுருண்டு கிடந்த மட்டிச் சதையை எட்டிப் பார்த்தாள்.

"அது என்ன, காதா?" என்று கேட்டாள்.

அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். மற்றப் பிள்ளைகள்தான் சிரித்தார்கள். அன்றைக்குப் பெட்டியை மூடியவள், பிறகு நாலு வருடம் பேக்கரிப் பாணும் சீனியும் மட்டும் கொண்டுபோனேன். வீட்டிலும் மட்டியைத் தொடவில்லை, ஆமையைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சியும் முட்டையும்தான் என்று லலிதாவிடம் சொல்லியிருந்தேன்.

மீனா, இறைச்சியா?

எங்கள் ஒழுங்கையில் ஆமை பிடிப்பதில் பேர் போனவர் சூசை மாமா. அவருடைய மனைவி மதலேனா மாமி. சொந்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, எங்கள் வேலிக்கு அடுத்த வேலி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமியின் வாய்க்கு ஊரில் எல்லோரும் பயம். பங்குச் சுவாமியாரும் தப்பவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி ஆகாது. ஆமையோ கடலில் வருகிறது. அது மீனா, இறைச்சியா என்று எங்கள் கரையில் பெரிய வழக்கு. பழைய சுவாமியார் ஒருவர் கடலில் வருவதெல்லாம் மீன்தான் என்று சொல்லிவிட்டுப் போனாராம். புதிதாக வந்தவரும் அப்படியே சொன்னார்.

"அப்ப சுவாமி, கடல்ல விழுந்த ஆட்டையும் மீனெண்டு திங்கலாமோ?" என்று மதலேனா மாமி கோயில் வாசலில் வைத்துக் கேட்டார்.

"நீந்தி வந்தால் யோசிப்பம்," என்றாராம் சுவாமியார்.

நான் ஆமை தின்பதை விட்ட பிறகு மாமி என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். "என்ன மிஸ், எங்கட சாப்பாடு உங்களுக்கு இறங்காதோ? பாணைத் திண்டு திண்டு பாண் மாதிரி வெளிறிப் போனியள்." சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளுவார். கையில் எப்போதும் மஞ்சளும் வெங்காயமும் மணக்கும்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை. அப்படியொரு தவக்கால வெள்ளிக்கிழமை பின்னேரம் சூசை மாமாவின் வலையில் அழுங்காமை ஒன்று வந்தது. முதுகோட்டில் சீப்புச் செய்வார்களே, அந்த ஆமை. மற்ற ஆமைகளை விட இதில்தான் நஞ்சுப் பயம் கூட. இப்போது ஆமை பிடிப்பது சட்டப்படி குற்றம். அப்போது அது எங்களுக்கு மூன்று வீட்டுச் சாப்பாடு.

பலகையடியில்

பள்ளிக்கூடம் விட்டுக் கரையால் வந்துகொண்டிருந்த என்னைச் சூசை மாமா கண்டார்.

"செல்வி, இஞ்ச வா. பலகையடியில நில்லு. காகம் எடுத்தாச் சொல்லு."

"எனக்குப் படிக்க இருக்கு மாமா."

"ரெண்டு நிமிசம், பிள்ளை."

அவர் வள்ளத்தடிக்குப் போய் ஆமை ஓட்டைப் பிரிக்கத் தொடங்கினார். நான் நின்றேன்.

பலகையில் இறங்கிய காகம் ஈரலை ஒருமுறை கொத்தியது. நூலளவு பிய்ந்து வந்தது. தலையை உதறி அதை எறிந்தது. பிறகு அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலகை விளிம்பில் துடைத்துவிட்டுத் தென்னைக்குப் பறந்துபோனது. மற்றது இறங்கவே இல்லை.

இன்னும் கொஞ்சம் நின்று பார்ப்போம் என்று நினைத்த நேரம் பின்னால் குரல் கேட்டது.

"செல்வி, இஞ்ச என்ன செய்யிறீர்?"

லலிதாவும் அவளுடைய தாயும். கடற்காற்றுக்காக நடக்க வந்திருந்தார்கள்.

"சும்மா. கடற்கரையில இருந்து படிக்க வந்தனான்," என்றேன். சொல்லிக்கொண்டே பலகையடிக்கு நகர்ந்து, அதைக் காலால் தட்டினேன். ஈரல் உருண்டு ஈர மணலில் விழுந்தது. அடுத்த அலை அதை எடுத்துக்கொண்டு போனது.

லலிதாவின் தாய் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதென்ன வெடுக்கு?" என்று கேட்டார்.

"ஆரோ ஆமை வெட்டுகினம் போல," என்றேன்.

ஆரோ என்று சொன்னேன். சூசை மாமா கூப்பிடு தூரத்தில் நின்றார். அவர் நிமிர்ந்து பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. எங்கே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாரோ என்றுதான் அப்போது பயந்தேன். லலிதாவோடு கதை கொடுத்து, அவர்களைத் தார் றோட்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவர் இரத்தக் கையோடு பலகையடியில் நின்றார்.

"என்ன பிள்ளை, காகம் எடுத்ததோ?"

"ஓம் மாமா. எடுத்திட்டுது."

அவர் வெறும் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வடிவாப் பார்த்தனியோ?"

"எனக்கென்ன கண் தெரியாதோ?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் வள்ளத்தடிக்குத் திரும்பிப் போனார்.

நான் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். விஞ்ஞான பாடத்தில் நான்தான் முதலாவது. நம்பிக்கை வேறு, சோதனை வேறு என்று ரீச்சர் கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். ஒரு பறவைக்கு நஞ்சு தெரியுமா? இதெல்லாம் எழுத்தறியாத ஆட்களின் வேலை என்று நினைத்தேன்.

இப்போது நான் எதைப் பார்த்தும் அப்படிச் சிரிப்பதில்லை. பாணுக்கு வரிசையில் நிற்கிற இந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் மரவள்ளிக்கிழங்குதான் கொண்டுவருகிறார்கள். கிழங்கோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்று, அன்றைக்கு இஞ்சி போட்ட வெறும் தேநீரைத் தொடாமல் இருப்பதில் பட்டதாரிகள்தான் முன்னுக்கு நிற்கிறார்கள். நானும் தொடுவதில்லை.

காகத்துக்கு நஞ்சு தெரியுமா என்று இன்றும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி அதுவல்ல. நான் கண்டதைச் சொல்லச் சொன்னார்கள். நான் காணாததைச் சொன்னேன்.

அன்று மதலேனா மாமி பெரிய சட்டியில் ஆக்கி, விளக்கு வைக்கிற நேரம் எங்கள் வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் கிண்ணத்தில் கொடுத்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டார்கள். நான் குசினி வாசலில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா இரண்டாம் முறை கறி போட்டபோது, "காணும் அம்மா, போதும்," என்றேன்.

"உனக்கென்ன, நீதான் திங்கேல்லையே," என்றார் அம்மா.

நான் பாணைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஆர் பார்த்தது?"

விடிய அம்மாவுக்கு உதடு எரிந்தது. பிறகு நாக்கு. தண்ணீர் விழுங்கினால் நெருப்பை விழுங்குவது போல இருக்கிறது என்றார். அப்பாவுக்கு வாந்தி. வேலிக்கு அந்தப் பக்கம் சூசை மாமா எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார், குரல் சரியாக வரவில்லை. எல்லோரையும் வாடகை வான் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மதலேனா மாமிக்குத்தான் நஞ்சு ஆகக் கூட. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததைச் சோற்றில் பிரட்டிச் சாப்பிடுவது அவருடைய வழக்கம். நாக்கு வெள்ளையாக வீங்கி, அந்த வாயால் ஒரு சொல்லும் வரவில்லை. நான் கரண்டியால் தண்ணீர் வைத்தேன். அது கடைவாயால் வழிந்து தலையணையை நனைத்தது. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். மற்றவர்கள் மெல்ல மெல்ல எழும்பினார்கள்.

செத்த வீட்டில் மாமியின் தமையன் யாக்கோப்பு எல்லோர் முன்னிலையிலும் சூசை மாமாவைக் கேட்டார்.

"காகத்துக்குப் போட்டதோ?"

"போட்டது."

"ஆர் பார்த்தது?"

நான் பெண்களோடு சுவரோரம் நின்றேன். பலகையடியில் நின்றது நான் என்று சூசை மாமா ஒருவருக்குத்தான் தெரியும் என்று நம்பியிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"நான் பார்த்தனான்," என்றார்.

"பார்த்தோ என்ர தங்கச்சிக்குக் குடுத்தனீ?"

என் பக்கத்தில் நின்ற ஒருத்தி அழுதாள். அவளோடு சேர்ந்து அழுதேன், அது வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு சூசை மாமாவின் வள்ளத்தில் ஏற ஆள் வரவில்லை. அவர் தந்த மீனைக் கூட வாங்க யோசித்தார்கள். ஒரு நாள் வள்ளத்தை விற்றுவிட்டு, தமக்கை இருந்த இலங்கைத்துறைக்குப் போய்விட்டார். நான் அந்த வருடம் பள்ளிக்கூடச் சோதனையில் விசேட சித்திகளோடு தேறினேன்.

என் படிப்புக் கெட்டுவிடக் கூடாது என்று அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மனதுக்குள் அவரை ஒரு புனிதராக வைத்திருந்தேன். ஒருவர் நமக்காகத் தியாகம் செய்தார் என்று நினைத்துக்கொண்டால் நம் குற்றத்தில் பாதி கரைந்துவிடுகிறது. மீதிப் பாதியோடு வாழ்வது அவ்வளவு கஷ்டமில்லை.

இலங்கைத்துறையில்

கிளிவெட்டிக் கடிதத்துக்குப் பிறகு, நடந்ததை எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் சூசை மாமாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று பட்டது. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

மூதூருக்குப் போகும் லோஞ்சில் பக்கத்தில் ஒரு பெண் கோழிக் கூடையோடு இருந்தாள். கட்டைபறிச்சான் ஊர்க்காரியாம். என்னை உற்று உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள்தானே அந்தப் பேத்தை திண்ட ஆள்?"

"ஓம்."

"மகள் வாசிச்சுச் சொல்லுறவள். வயித்துக்க ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லை."

"உங்களுக்கு இரும்பு வயிறு," என்றாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மூதூரிலிருந்து பஸ்ஸிலும் பிறகு நடந்தும் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. சூசை மாமா கொட்டிலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்து, மெலிந்திருந்தார். நான் பேரைச் சொன்னதும் எழுந்து தோளில் கிடந்த துவாயை எடுத்து ஒரு கதிரையைத் துடைத்தார்.

"இருங்கோ பிள்ளை," என்றார். என்னை அவர் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. கதிரையில் இருக்கக் கூசியது.

வந்த காரணத்தைச் சொன்னேன். வாசிக்கச் சொன்னார். வலையைக் கீழே வைக்காமல் கேட்டார். நான் லலிதாவைப் பற்றி வாசித்த இடத்தில் ஊசி நின்றது. பிறகு ஓடியது. என் படிப்புக்காக அவர் பொய் சொல்லிப் பழியை ஏற்ற இடத்தை வாசித்தபோது கையை உயர்த்தினார்.

"அதை வெட்டு."

"எதை மாமா?"

"நான் உனக்காகப் பொய் சொன்னனான் எண்டதை. நான் பொய் சொல்லேல்ல. நான் பார்த்தனான்."

எனக்கு விளங்கவில்லை.

"வள்ளத்தடியில நிண்டு பார்த்தனான். காகம் கொத்தினதும் அலகைத் துடைச்சதும் கண்டனான். மற்றது இறங்கேல்லை. அதையும் கண்டனான். பிறகு ஆரோ ரெண்டு பேர் வந்து மறைச்சுப்போட்டினம். அவை போன பிறகு பார்த்தா ஈரலைக் காணேல்லை. நீ வருமட்டும் நிண்டு உன்னைக் கேட்டன்."

"நான் ஓம் எண்டனான்."

"ஓம் எண்டனீ. நான் ரெண்டாந் தரமும் கேட்டனான்." அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். "தூரத்தில நிண்ட எனக்குத்தான் கண் பிழைச்சுப் போச்சாக்கும் எண்டு நினைச்சன். கிட்ட நிண்டது படிச்ச பிள்ளை. பொய் சொல்ல அதுக்கு என்ன தேவை? அதுதான் நினைச்சன். என்ர கண்ணை விட்டிட்டு உன்ர வாயைப் பிடிச்சன். அது என்ர பிழை. அதைத்தான் யாக்கோப்புக்குச் சொன்னனான். உன்னைக் காப்பாத்த இல்லை."

கையிலிருந்த கடதாசிகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னில் கோபமில்லையா என்று கேட்டேன்.

"இருந்தது," என்றார். "கனகாலம் இருந்தது." வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏன் அப்பிடிச் சொன்னனீ எண்டதுதான் எனக்குத் தெரியாது. இண்டைக்குத்தான் நீ வாசிக்கக் கேட்டன். அந்தப் பிள்ளைக்கு முன்னால வெக்கம், என்ன?"

"ஓம் மாமா."

"அவை போன பிறகு சொல்லியிருக்கலாமே. மிச்ச ஈரல் கிடந்தது. இன்னொரு துண்டு வெட்டிப் போட்டிருப்பன்."

அதட்டிச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர் போல மெதுவாகச் சொன்னார். உள்ளே அவருடைய தமக்கை யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை.

எழும்பும்போது, அவருடைய பேரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டேன். போடு என்றார். நான் வேலிப் படலை வரை வந்த பிறகு கூப்பிட்டார்.

"பிள்ளை, இன்னொண்டையும் எழுது. உனக்கு அது தெரியாது. அண்டைக்கு நான் இறைச்சியைக் கொண்டுபோய்க் குடுக்க மதலேனா கேட்டவள், ஆர் காகம் பார்த்தது எண்டு. செல்வி எண்டனான். 'அப்ப சரி' எண்டிட்டு அடுப்பை மூட்டினவள்."

எழுதிவிட்டேன்.